ஆலம்பரையில் நெத்திலி மேல் ஏறிய வண்டி

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் சாலையில், அறுவடை நாட்களில் உளுந்துச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் தாரின் மேலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறித்தான் மணி உதிரும். ஒதுங்கிப் போகிறவர்களைப் பார்த்து, "ஏத்திட்டுப் போ சார், இன்னா பயப்படற?" என்று கத்துவார்கள். பல வருடமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறேன். பரப்பி வைத்த எதைப் பார்த்தாலும் என் கால் பிரேக்குக்குப் போவதில்லை.

அரையாண்டு விடுமுறையில் நானும் மனைவியும் ஆலம்பரைக்குப் போனோம். கடலோரம் இடிந்த செங்கல் கோட்டை, அதை ஒட்டி மீனவர் குடியிருப்பு. கோட்டைக்குப் போகும் சிமெண்ட் சாலையில் பாதி அகலத்துக்கு நீல வலை விரித்திருந்தது. ஏற்றினேன். நொறுங்கும் சத்தத்துக்குப் பிறகுதான் வாடை வந்தது. வலைக்கு அடியில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது.

தெருவில் யாரும் இல்லை. "நிறுத்துங்க, யாருதுன்னு கேக்கலாம்" என்றாள் மனைவி.

"கோட்டையப் பாத்துட்டு வந்து சொல்லிக்கலாம்" என்றேன்.

ஒரு மணி நேரம் சுற்றினோம். மதிலின் உயரம், காரையில் தெரிந்த கிளிஞ்சல் துண்டுகள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். நிருபர் வேலையில் வந்த பழக்கம். பிறகு வண்டியைக் கோட்டை வாசலிலேயே விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்வதற்காகத்தான் தெருவுக்கு நடந்து வந்தோம்.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், வலையை விலக்கி நசுங்கிய மீனைப் பொறுக்கியபடி, மீனுக்கு ஐஸ் இறக்க இரண்டாம் நடையாக வந்திருந்த வண்டியின் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? சாயங்காலம் ஏவாரி வர்றான், இத்தயா அவனுக்குக் காட்டுவேன்? கோழித் தீவனத்துக்குத்தான் போவும்."

"யக்கா, நான் விடியக்காலம் வந்தேன். அப்ப நீ காயவே போடல."

"இந்தத் தெருவுல உன்ன வுட்டா எவன் வண்டி வருது? நாளையிலருந்து நீ இங்க வரக்கூடாது. எல்லாருகிட்டயும் சொல்றேன் இரு."

சிமெண்டில் தடம் தெளிவாக இருந்தது. ஐஸ் வண்டியின் சக்கரம் அதைவிட அகலம். நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், படிச்சவங்களாட்டம் இருக்கறீங்க. நீங்களே சொல்லுங்க, இது இவன் டயருதான?"

"சரியாத் தெரியலம்மா" என்றேன்.

மனைவி என்னைத் தாண்டி முன்னால் போனாள். "எங்க வண்டிம்மா. தெரியாம ஏத்திட்டோம்."

டிரைவர்தான் முதலில் பேசினார். "எந்த ஊரு சார்?"

"செஞ்சி."

"அவ்ளோ பெரிய கோட்டைய வச்சிக்கினு இந்த இடிஞ்ச செவுத்தப் பாக்கவா வந்தீங்க?"

நான் அந்தப் பெண்ணிடம் உளுந்துச் செடியைப் பற்றி விளக்கினேன். எங்கள் பக்கம் வண்டி ஏற்றுவதுதான் உதவி என்றேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"ஏத்தனது உங்க ஊரு பழக்கம். சரி. கேட்டா தெரியலன்றது?"

மனைவி அதற்குள் உட்கார்ந்து நசுங்கியதைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். "மன்னிச்சிடும்மா" என்று இரண்டு முறை சொன்னேன். உடையாததைத் தனியாகப் போடச் சொன்னார், அவ்வளவுதான். கொடுத்த பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். முகம் மாறவில்லை.

திண்டிவனம் தாண்டியதும் மனைவி கேட்டாள்: "அந்த ஐஸ் வண்டிக்காரர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

சொல்லவில்லை. நாங்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தபோதே அவர் ஐஸை இறக்கிவிட்டுக் கிளம்பினார். என் பக்கத்தில் வரும்போது வண்டியை மெதுவாக்கினார். நான் குனிந்து நெத்திலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.