சேர்த்துக் கட்டிய கால்கள்

அறுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்குக் கரண்ட் கொடுத்துச் சரிசெய்யும் பெட்டி ஒன்று அப்போதுதான் எங்கள் வார்டுக்கு வந்திருந்தது. எல்லாருக்கும் பெருமை. எனக்கு மட்டும் ஒரு வேலை கூடியது. கரண்ட் கொடுக்கும்போது நோயாளியின் உடம்பு கட்டிலைவிட்டு எம்பும். யாரும் பிடித்துக்கொள்ளவும் முடியாது, தொட்டால் பிடித்தவருக்கும் ஷாக் அடிக்கும்.

பலசரக்குக் கடை வைத்திருந்த காட்டூர்க்காரர் ஒருவர் அந்தப் பெட்டியால் பிழைத்தார். ஆனால் எம்பிய வேகத்தில் வலது கை இரும்புக் கட்டிலில் மோதி மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"உசிரைக் காப்பாத்திட்டுக் கையை ஒடிச்சிட்டோம். மறுபடி வந்தா உடம்பு ஆடக் கூடாது. இப்பவே கட்டி வச்சிடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

தோல் வார் வேண்டுமென்று எழுதிப் போட்டால் அது வந்து சேர்வதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன். பழைய வேட்டியை நீளவாட்டில் கிழித்தேன். தொடர்ந்து இரண்டு ட்யூட்டி பார்த்திருந்த அலுப்பு. அவர் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையையும் மற்றக் கையையும் உடம்போடு வைத்துக் கட்டினேன். கால்கள் இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டேன்.

திருவானைக்காவல் கோயிலுக்குப் போய்விட்டு வந்த அவர் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டார். கையிலிருந்த விபூதிப் பொட்டலம் கீழே விழுந்தது.

"போயிட்டாரா?"

"தூங்குறாருங்க. மருந்து குடுத்திருக்கு."

"அப்ப ஏன் காலைச் சேத்துக் கட்டியிருக்கீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். இறந்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவோம். அந்த வார்டில் எத்தனை பேருக்குக் கட்டியிருப்பேனோ, கை தானாக அந்த முடிச்சைப் போட்டுவிட்டது. தப்பு என்னுடையது. அதை ஒப்புக்கொள்ளாமல் எரிந்து விழுந்தேன்.

"அவுத்தா கால் முறியும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"முறியட்டுங்க. நொண்டிக்கிட்டாவது வீட்டுக்கு வரட்டும்."

அந்த அம்மா முடிச்சை அவிழ்த்தார். துணியை என்னிடம் தராமல் இடுப்பில் செருகிக்கொண்டார். நான் வேறு இரண்டு துண்டு கிழித்து, கால்களைக் கட்டிலின் இரு பக்கமும் தனித்தனியாகக் கட்டினேன். "இது சரிங்க" என்று சொல்லி, கீழே கிடந்த விபூதியை எடுத்துக் கணவர் நெற்றியில் பூசினார்.

சாயங்காலம் இதயம் மறுபடியும் தாறுமாறானது. மனைவியை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் மூன்று முறை கரண்ட் கொடுத்தார். நெஞ்சு மட்டும் எம்பி எம்பி அடங்கியது. கையும் காலும் இம்மியும் அசையவில்லை. என் கட்டு அவ்வளவு நன்றாக நின்றது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஒரு தடவையாவது அந்தக் கால் உதறக் கூடாதா என்றிருந்தது. டாக்டர் பெட்டியை அணைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்ல வெளியே போனார்.

எல்லாக் கட்டையும் அவிழ்த்தேன். கால்கள் விலகிக் கிடந்தன. உள்ளே வந்த அந்த அம்மா அவற்றைத் தன் கையாலேயே ஒன்று சேர்த்தார். இடுப்பிலிருந்த துணியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இப்பக் கட்டுங்க சிஸ்டர்."

காலையில் யோசிக்காமல் போட்ட அதே முடிச்சு இப்போது எனக்கு வரவில்லை. துணியின் ஒரு முனையை அவர்தான் பிடித்துக்கொண்டார்.