என் எஸ்டிமேட்டைப் படித்த மிஷின்

அந்த லேப்டாப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்ணார்பேட்டையில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் பத்தொன்பது வருஷமாக எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருந்தவன் நான். முதலாளியின் மருமகன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கி, எங்கள் பழைய ஃபைல்களையெல்லாம் அதற்குள் ஏற்றினார். இனிமேல் அதுவே அவற்றைப் படித்துப் பழகி, புது வீட்டுக்கு என்ன செலவாகும் என்று சொல்லுமாம்.

"அண்ணாச்சி, இனி நீங்க மண்டையை உடைக்க வேண்டாம். இது பைசா சுத்தமா சொல்லிரும்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

அந்த ஃபைல்களின் லட்சணம் எனக்கல்லவா தெரியும்? முதல் எஸ்டிமேட்டைக் குறைத்துத்தான் எழுதுவோம். வாசல் நிலைக்குப் பூஜை போட்டு நிறுத்திவிட்டால் அப்புறம் யாரும் கான்ட்ராக்டரை மாற்ற மாட்டார்கள். பாதியில் கை மாறினால் வீட்டுக்கு ஆகாது என்று பயம். அதற்குப் பிறகுதான் நான் போய், "அஸ்திவாரம் நெனச்சதைவிட இழுத்துட்டு, இன்னும் கொஞ்சம் ஆகும்" என்று பைய ஆரம்பிப்பேன். அந்தத் தொகை எந்த ஃபைலிலும் ஏறாது, துண்டுச்சீட்டோடு போய்விடும். ஆக, மிஷின் படித்ததெல்லாம் என் பொய்.

இதை நான் மருமகனிடம் சொல்லவில்லை. மூக்குடைபட்டுப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் மாட்டியது ஒரு டீச்சர். கணவர் இல்லை, ஒரே மகள், டவுணில் வாடகை வீடு. வயலில் மண் அடித்து மேடாக்கிய பிளாட் ஒன்றை வாங்கியிருந்தார். மிஷின் சொன்ன தொகையை மருமகன் அச்சடித்துக் கொடுத்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அஸ்திவாரமே பாதியை முழுங்கிவிடும் என்று. அந்தத் தாளைக் காட்டித்தான் டீச்சர் பேங்கில் லோன் வாங்கினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு வேலை நின்றது. பேங்கு மேற்கொண்டு தராது என்றுவிட்டது; நகையெல்லாம் ஏற்கெனவே அடகில். டீச்சர் ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் முன்னாலேயே முதலாளி மருமகனை வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் காத்திருந்த நாள் அது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நான் அன்னைக்கே நெனச்சேன் டீச்சர். நஞ்சை மண்ணுல அஸ்திவாரமே பாதித் துட்டை முழுங்கிரும்னு மிஷினுக்கு என்ன தெரியும்?"

டீச்சர் முதலாளியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியும்லா?"

ஆபீசில் ஒருவரும் எனக்குப் பரிந்து வரவில்லை.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சுவர் அதே மட்டத்தில் நிற்கிறது, கம்பியெல்லாம் துரு. டீச்சர் இன்னும் வாடகை வீட்டில்தான். வழியில் என்னைப் பார்த்தால், "நல்லாருக்கியளா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அதற்குப் பதில் செருப்பைக் கழற்றியிருக்கலாம்.