லிட்டருக்குப் பதினொன்று

என் அப்பாவின் வேலை போனது என்னால்தான். அவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டவில்லை, எங்கேயும் இடிக்கவில்லை, முதலாளியை எதிர்த்துப் பேசவில்லை. நான் ஒரு காருக்கு மைலேஜ் கூட்டிக் காட்டினேன். அவ்வளவுதான்.

எங்கள் வீடு கருங்குழியில். அப்பாவுக்கு வேலை மாமல்லபுரத்தைத் தாண்டி, கடலைப் பார்த்துக் கட்டிய ஒரு பங்களாவில். முதலாளிக்குச் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் டைல்ஸ் கம்பெனி. காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக அவரை அழைத்துப்போய், சாயங்காலம் அதே வழியில் திருப்பிக்கொண்டு வர வேண்டும். கார் ஷெட்டுக்கு மேலே ஓர் அறையில் அப்பா தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார்.

கார் பெட்ரோல் டர்போ. புகையாக வெளியே போகிற காற்றை வைத்தே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதைக்கொண்டு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. காலை அழுத்தினால் பாயும்; பாய்வதற்குத் தக்கபடி பெட்ரோலையும் குடிக்கும். இதெல்லாம் நான் பாலிடெக்னிக்கில் படித்தது. அப்பாவுக்குத் தெரிந்தது வேறு. "ஒக்காந்தா கப்பல் மாதிரி கீதுடா, மிதிச்சா ராக்கெட்டு" என்பார். அவருக்குக் கையெழுத்துப் போட வரும், எண்கள் தெரியும். அதற்கு மேல் இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்.

டிப்ளமோ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடையில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியும் மோருமாகப் படுத்துக்கிடந்தார். வேலையில் வேறு ஆள் நுழைந்துவிடக் கூடாதே என்று மூன்று வாரத்துக்கு என்னை அனுப்பினார். "பாத்து ஓட்டுடா. அது நம்ம வண்டி இல்ல" என்று மட்டும் சொன்னார்.

முதல் நாளே முதலாளி பின்சீட்டிலிருந்து ஆரம்பித்தார். "லிட்டருக்கு ஏழரைதான் குடுக்குது. ஷோரூம்ல கேட்டா டர்போ அப்படித்தாங்கிறான். நீ படிச்ச பையன்தானே, கொஞ்சம் பாரேன்."

படிச்ச பையன். அந்த வார்த்தையை அதுவரை கல்யாண வீடுகளில்தான் என்னைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருந்தேன். அதை நம்பி ஒருவர் வேலை கொடுத்தது அன்றைக்குத்தான்.

டேஷ்போர்டுக்குள் காரோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. உறையைக் கிழித்து, டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாளில் படித்து முடித்தேன். நாலு டயரிலும் காற்று குறைவு, நிரப்பினேன். ஏர் ஃபில்டரைத் தட்டியபோது கடற்கரை மணல் கொட்டியது, மாற்றச் சொன்னேன். டிக்கியில் இரண்டு தண்ணீர் கேனும் ஒரு பெட்டி நிறைய டைல்ஸ் சாம்பிளும் கிடந்தன, இறக்கினேன். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயில் கிளாம்ப் தளர்ந்து காற்று கசிந்தது, புதிது போட்டேன். மற்றதெல்லாம் காலில்தான் இருந்தது. டர்போ முழு வேகத்தில் வேலை செய்ய விடாமல் மெதுவாக அழுத்தி, சீக்கிரமே மேல் கியருக்குப் போனேன். கோயில் தெருக் கூட்டத்தைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் எண்பதைத் தாண்டவில்லை. வேகமாக ஓட்டி வந்தால் ஒரு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்து என்றது புத்தகம். அப்படியே செய்தேன்.

டேங்க் நிரப்பி, மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, காலியாகும்போது மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். மூன்று முறையும் பதினொன்று.

அதை ஒரு வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதினேன். இடது பக்கம் முன்பு, வலது பக்கம் இப்போது. முதலாளி அதை ரொம்ப நேரம் பார்த்தார். நான் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"அதே வண்டி, அதே ரோடு. உங்கப்பா ஓட்டினா ஏழரை, நீ ஓட்டினா பதினொண்ணு. எப்படி?"

"டயர், ஃபில்டர், குழாய் சார். அதுல ஒண்ணரை. ஓட்டுற விதத்துல ஒரு ஒண்ணு."

"ரெண்டரை ஆச்சு. இன்னொரு கிலோமீட்டர் எங்க?"

எல்லாம் டயர்தான் சார் என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைப் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் கணக்கில் பொய் சொல்லக் கூடாது என்று இருந்தேன். "தெரியல சார்" என்றேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டிரைவர்கள் டேங்கில் ட்யூப் விட்டுப் பெட்ரோல் எடுத்து பைக் ஓட்டுகிறவர்களுக்கு விற்கிற கதை அந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அப்பா திரும்பி வந்த அன்று கண்ணில் மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை. துவைத்த வெள்ளை யூனிபாரத்தில் போர்ட்டிகோவில் நின்றார். சாவியைக் கொடுக்க நானும் பக்கத்தில் நின்றேன். முதலாளி திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. தாளைப் பிரித்துக் காட்டி, "மீதிப் பெட்ரோல் எங்க போச்சு?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

திருப்பிக் கேட்டார். அதே பதில். மூன்றாம் முறையும் அதே பதில். பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா, நீ சொல்லேன். நான் எடுத்திருப்பனா?"

எடுத்திருக்க மாட்டார். எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த ஒரு கிலோமீட்டர் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவ்வளவு நேரம்தான். "இல்ல நைனா" என்றேன். அதற்குள் அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். என் கையிலிருந்த சாவியை வாங்கி முதலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தார். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாள் கழித்து அவருடைய துணிமணியும் போர்வையும் எடுத்து வர நான்தான் போனேன். வாட்ச்மேன் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க நைனா இல்லாம சத்தமே இல்லப்பா. இல்லாட்டி வண்டி எப்பவும் ஓடிகினே நிக்கும்."

"நிறுத்த மாட்டாரா?"

"எங்க நிறுத்துவாரு? டர்போ வண்டி, சூடு ஆறாம ஆஃப் பண்ணாதேன்னு ஷோரூம் மெக்கானிக் சொல்லிட்டானாம். எஞ்சின ஓடவுட்டு, பானெட்டுல கை வச்சிகினு நிப்பாரு. முக்கா மணி, ஒரு மணி. இன்னா அண்ணாத்த, ஜுரம் பாக்கிறியான்னு கூடக் கேப்பேன்."

போர்வையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். எஞ்சின் ஓடும்வரை பானெட் எப்படி ஆறும்? ஆறாத இரும்பில் கை வைத்துக்கொண்டு, வெயிலில், ஒவ்வொரு நாளும் இரண்டு முறை நின்றிருக்கிறார். அடுத்தவர் வண்டி கெட்டுவிடக் கூடாதே என்று. ஒரு நிமிஷம் போதும் என்பது அந்தப் புத்தகத்துக்குள், உறை பிரிக்காமல் கிடந்திருக்கிறது.

முதலாளி நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் சொன்னதை மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை, கேட்டார், நம்பினார். "அட, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அவரு."

"அது பெட்ரோல் குடிக்கும்னு அவருக்கே தெரியாது சார்."

"சரி. திங்கட்கிழமை வரச் சொல்லு."

பஸ் மாறி மாறிச் சந்தோஷமாக வந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்து பத்திய மோர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நிக்கிற வண்டியும் குடிக்குமாடா?"

"குடிக்கும் நைனா."

"அப்போ நான் திருடலன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சி."

"தெரிஞ்சிடுச்சி நைனா."

டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கும் இப்பதான் தெரிஞ்சிச்சி" என்றார்.

திங்கட்கிழமை அவர் போகவில்லை. அம்மா கெஞ்சியும் திட்டியும் பார்த்தார். அடுத்த மாதமே படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டப் போய்விட்டார். எனக்கு ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலை கிடைத்தது. வண்டி எடுக்க வருகிற டிரைவர்களுக்கு மைலேஜ் பற்றிச் சொல்லிக் கொடுப்பதும் என் வேலைதான். நின்றால் அணைத்துவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்கிறேன்.

அப்பா என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. பேசுகிறார், சாப்பிட்டாயா என்று கேட்கிறார். டா போட்டுப் பேசுவது மட்டும் நின்றுவிட்டது. சாயங்காலம் வந்ததும், நான் எதுவும் கேட்காமலே, என் எதிரில் வந்து நின்று சொல்கிறார்:

"அச்சரப்பாக்கத்துலேர்ந்து ரெண்டு நடை அடிச்சேன்பா. எடை போடுற எடத்துல கியூ, அதான் லேட்டு. டீசல் அரை டேங்க் கீது. வண்டி வெளியதான் நிக்கிது, வோணும்னா பாத்துக்க."

"எங்கிட்ட எதுக்கு நைனா சொல்ற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சொல்லிட்டா நல்லதுதானப்பா" என்றார். சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.