பெரியபாளையம் வழி

சுகிர்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது கம்பெனியில் அவளோடு வேலை செய்தவர்கள் மாப்பிள்ளை எப்படி என்று கேட்கவில்லை. "வேப்பம்பட்டுலேந்து டெய்லி எப்டிடி கும்மிடிப்பூண்டிக்கு வருவே?" என்றுதான் கேட்டார்கள்.

கேட்டதில் தப்பில்லை. இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போவதென்றால் வேப்பம்பட்டில் ஏறி, ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் என்று சென்னைக்குள் வந்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி, படியேறி அடுத்த நடைமேடைக்குப் போய், கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து மறுபடியும் வடக்கே போக வேண்டும். போன தூரத்தையே திரும்பப் போகிற மாதிரி. அதுவரை ஆரம்பாக்கத்தில் அப்பா வீட்டிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் கும்மிடிப்பூண்டி வந்துவிடும்.

வேலையை விட்டுவிடு என்று மாமியார் கன்னியம்மா சொன்னாள். சுகிர்தா கேட்கவில்லை. பிளாஸ்டிக் மூடி செய்கிற அந்தக் கம்பெனியில் பல வருஷம் கான்ட்ராக்ட்டில் இருந்து, அப்போதுதான் அவளை நிரந்தரமாக்கியிருந்தார்கள். அவளுடைய அப்பா யேசுதாஸ் வாலிபத்தில் அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர். மகள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்குவதைப் பார்க்கவே ஸ்டேஷன் வரைக்கும் கூட நடந்து வருவார். அதை எப்படி விடுவாள்?

புருஷன் ஸ்டீபன் டிரைவர். புனேயில் ஒரு முதலாளிக்கு ஓட்டினான், ஹைதராபாத்தில் கம்பெனி வண்டி, பெங்களூரில் கொஞ்ச நாள் கால் டாக்சி. பிறகு ஊருக்குத் திரும்பி, பழைய கார் ஒன்றை வாங்கிச் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஊர்களை அவன் ரோட்டை வைத்துத்தான் அடையாளம் சொல்லுவான். புனேயில் டூவீலர் கொசு மாதிரி மொய்க்கும். ஹைதராபாத்தில் எவனும் இண்டிகேட்டர் போட மாட்டான், ஆனால் வழிவிடுவான். பெங்களூரில் ஒரு சிக்னலுக்குள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக் கையும் துடைத்துவிடலாம். ரயில் மட்டும் அவனுக்கு ஆகாது.

"நின்னுகினே போறதுக்கு இன்னாத்துக்குடி டிக்கெட்டு எடுக்கணும்?" என்பான்.

"நீ தனியா ஒரு டப்பாக்குள்ள உக்காந்துகினு யாரப் பாத்தாலும் திட்டிகினு போறே. நான் பத்து பேரோட பேசிகினு போறேன். எது மேலு?" என்பாள் அவள்.

உண்மையிலேயே அவளுக்கு ரயில் பிடித்திருந்தது. பேசின் பிரிட்ஜில் ஈஸ்வரி அக்கா ஏறுவாள். வியாசர்பாடிக்காரி, அதே சிப்காட் தொழிற்பேட்டையில் வேறு கம்பெனியில் துணி தைக்கிறவள். பெண்கள் பெட்டியில் பூ கட்டுவார்கள், பூண்டு உரிப்பார்கள், ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுவார்கள், சண்டை போட்டவளுக்கே அடுத்த நாள் இட்லி கொடுப்பார்கள். எண்ணூர் தாண்டினால் காற்றில் உப்பும் சாம்பலும் கலந்து வரும். மீஞ்சூரில் பாதிப் பெட்டி மாறும். பொன்னேரி வரும்போது தூங்குகிறவர்களை அடுத்தவர்கள் எழுப்பிவிடுவார்கள். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அவள் அங்கேதான் சொன்னாள். குழந்தை இல்லையே என்று கன்னியம்மா ஜாடை பேசுவதையும் அங்கேதான் சொன்னாள். ஈஸ்வரி ஒரு வார்த்தை புத்தி சொல்ல மாட்டாள். "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்பாள்.

கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் கழித்துக் குழந்தை உண்டானது. அன்றைக்கே ஸ்டீபன் சொல்லிவிட்டான்.

"இனிமே ட்ரெய்னு கெடையாது. நான் கொண்டுபோய் வுடறேன், நானே இட்டுனு வரேன்."

"உன் சவாரி?"

"நடுவுல ஓட்டிக்கறேன். நீ அந்தப் படிய ஏறி எறங்கறத நெனச்சா எனுக்கு ஸ்டீரிங்கே நிக்காது."

கார் போகிற வழி ரயில் வழியைவிட நேரானது. திருநின்றவூர் போய், பெரியபாளையம், ஆரணி தாண்டி, புதுவாயலில் பெரிய ரோட்டில் ஏறினால் கும்மிடிப்பூண்டி. ரயிலில் ஆவதில் பாதி நேரம்தான் ஆகும். அவள் முதுகுக்குத் தலையணை வைத்தான். வேகத்தடைகளில் அவன் ஏறி இறங்குகிற நிதானத்தைப் பார்த்துப் பின்னால் வருகிற பைக்குக்காரர்கள் திட்டிக்கொண்டே முந்திப்போவார்கள். ஊரெல்லாம் வாய் சண்டைக்கு நிற்கிறவன், அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். ரோட்டில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று மனப்பாடம். மழை பெய்து புதிதாய் ஒன்று விழுந்துவிட்டால் சொந்த வீட்டில் ஓடு உடைந்த மாதிரி நாள் முழுக்கப் புலம்புவான்.

அந்த மாதங்களில்தான் இருவரும் நிறையப் பேசினார்கள். இருபக்கமும் வயல், ஏரிக்கரை, செங்கல் சூளை. அவன் அவளுடைய வயிற்றைப் பார்த்து, "தே பாப்பா, உன்ன பெங்களூர் இட்டுனு போறேன், ஆனா அங்க வண்டி ஓட்ட மாத்திரம் சொல்லாதே" என்பான். அவள் சிரிப்பாள். ரயில் தோழிகளைப் பார்க்க முடியவில்லையே என்று உள்ளுக்குள் இருந்தது. இவ்வளவு ஆசையாய் ஓட்டுகிறவனிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

ஆறாம் மாதம் முடிகிற சமயம் ஆடி பிறந்தது. ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்கு ஜனம் வருகிற கணக்கு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேன், டிராக்டர், குட்டியானை என்று எதில் வேண்டுமானாலும் குடும்பத்தோடு வந்து ரோட்டோரத்தில் பொங்கல் வைப்பார்கள். சனிக்கிழமையே கூட்டம் கட்டிவிடும். அப்படி ஒரு சனிக்கிழமை அவளுக்கு வேலை இருந்தது. முந்தின நாள் ஈஸ்வரி போன் செய்தாள்.

"நாளைக்கு அந்தப் பக்கம் போவாதீங்கமா, ஜாம் ஆயிடும். நீ ட்ரெய்ன்ல வந்துடு, நான் எடம் புடிச்சி வெக்கிறேன்."

சுகிர்தா அதைப் புருஷனிடம் சொன்னாள். "ஒரு நாள்தானே, ட்ரெய்ன்ல போய்டறேனே."

"வேணாம். வெடிகாலைல கெளம்பிடலாம். கூட்டம் வர்றதுக்குள்ள தாண்டிப்புடுவேன்" என்றான்.

தாண்ட முடியவில்லை. பெரியபாளையத்துக்கு முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. போலீஸ்காரர்கள் கார்களையெல்லாம் பக்கத்து ஊர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். குழாய் போடத் தோண்டி, பேருக்கு மண்ணைத் தள்ளி மூடியிருந்த ரோடு அது. ஸ்டீபனுக்குத் தெரியாத குழிகள். கார் ஏறி ஏறி விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் சுகிர்தா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்டீபா, வண்டிய நிறுத்து. வலிக்குது."

நிறுத்த இடமில்லை. திருப்பவும் இடமில்லை. முன்னால் டிராக்டர், பின்னால் வேன் வரிசை. அவன் இறங்கி, "மாசமா கீறாங்க, வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினான். பம்பைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. வேண்டுதலுக்காக வேப்பிலையையே சேலையாய்க் கட்டி நடந்துவந்துகொண்டிருந்த ஒரு பெண்தான் காருக்குள் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் தன் வீட்டு ஆண்களைக் கூவி அழைத்தாள். அவர்கள் டிராக்டரைத் தள்ளி வயலில் இறக்கினார்கள். அவள் ஈர வேப்பிலையோடு அப்படியே சுகிர்தாவைப் பின்சீட்டுக்கு மாற்றித் தானும் ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க வேண்டுதல்..." என்றான் ஸ்டீபன்.

"ஆத்தா இன்னா ஓடியா பூடுவா? நீ வண்டிய எடு நைனா!"

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது சீட்டெல்லாம் ரத்தமும் வேப்பிலையுமாக இருந்தது. அந்தப் பெண் சுகிர்தாவை உள்ளே விட்டுவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

பெண் குழந்தை. அழவில்லை.

மறுநாள் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "குழந்தைக்கு வயித்துக்குள்ளயே துடிப்பு நின்னிருக்கு. அது நின்னு ஒரு நாளாவது ஆயிருக்கும். ரோட்டால வந்ததில்ல இது. ட்ரெய்ன்ல போயிருந்தாலும், வீட்டுலயே படுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மனசுல எதையும் போட்டுக்காதீங்க."

குழந்தையை ஆரம்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். டாக்டர் சொன்னதை ஊரில் யாரும் காதில் வாங்கவில்லை. கன்னியம்மா வந்தவர்களிடமெல்லாம், "இத்தினி வருசமா அந்த ட்ரெய்ன்ல இடிச்சினு நசுங்கினு போனா வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" என்று அழுதாள். யேசுதாஸ் தன் பங்குக்கு, "குண்டும் குழியுமா கீற ரோட்ல மாசமா இருக்கற பொண்ண யாராச்சும் இட்டுனு போவாங்களா?" என்று சொல்லிவிட்டார். வாசல் பக்கம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஸ்டீபன் அதைக் கேட்டான். நாற்காலியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு அவன் காரை எடுக்கவில்லை. பின்சீட்டைக் கழுவினான், காய வைத்தான், மறுபடியும் கழுவினான். சவாரிக்குக் கூப்பிட்டவர்களிடம் வண்டி ரிப்பேர் என்றான். பிறகு வந்த விலைக்கு விற்றுவிட்டான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் பெங்களூர் போறேன், சுகி. கால் டாக்சி ஓட்டக் கூப்பிட்டுகினே கீறாங்க. இங்க எந்த ரோட்ல போனாலும் பெரியபாளையம் போற மாரியே கீது."

"நானு?"

அவன் தட்டோடு எழுந்தான். மறுவாரம் பெங்களூருக்குப் போய்விட்டான்.

சுகிர்தா மறுபடியும் ரயிலில் போகத் தொடங்கினாள். முதல் நாள் பெட்டியில் யாரும் எதையும் கேட்கவில்லை. ஜன்னல் ஓரத்துக்குத் தினமும் சண்டை போடுகிறவள் எழுந்து அந்த இடத்தைக் கொடுத்தாள். ஈஸ்வரி ஒரு சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாக அவள் கையில் வைத்தாள். எதிரே சரக்கு வண்டி ஒன்று நீளமாய்ப் போயிற்று. அந்தச் சத்தத்தில் சுகிர்தா வாய்விட்டு அழுதாள். வண்டி போய் முடிகிற வரைக்கும் அழுதாள். பெண்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டீபன் போன் செய்வான். ஹார்ன் சத்தத்துக்கு நடுவே ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் யாராவது சவாரி ஏறிவிடுவார்கள். அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் அவள் லீவு போட்டுவிட்டு, அவனைக் கூட்டிவரலாம் என்று பெங்களூருக்கே போனாள்.

ஸ்டேஷனுக்குக் காரோடு வந்திருந்தான். இளைத்திருந்தான். நாலு டிரைவர்கள் ஒரே அறையில் இருந்தார்கள், அங்கே அவளைக் கூட்டிப்போக முடியாது. அதனால் அந்த நாள் முழுக்க அவர்கள் காரிலேயே சுற்றினார்கள். சுற்றினார்கள் என்று சொல்வதும் சரியில்லை. பெரும்பாலும் நின்றார்கள். மேலே பாலத்தில் மெட்ரோ ரயில் ஓசையில்லாமல் போயிற்று. கீழே வண்டிகள் அங்குலம் அங்குலமாய் ஊர்ந்தன.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா சொன்னத மனசுல வெச்சிகினு இருக்காதே. ரோட்டால ஆவல."

"டாக்டரு நம்ம மனசுக்கோசரம் சொன்னாங்க."

"இல்ல. எனுக்குத் தெரியும்." பிறகு, இத்தனை நாளாக ஈஸ்வரியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். "அதுக்கு மொத நாளே அசைவு இல்ல. வேலைல நின்னுகினு இருக்கப்பவே தெரிஞ்சிது. பாப்பா தூங்குதுன்னு நெனச்சிகினேன். நீ வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே ஆயிடுச்சி, ஸ்டீபா. உன் மேல எதுவுமே இல்ல."

அவன் மனசிலிருந்து பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். அவன் முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். சிக்னல் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது.

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா?" என்றான்.

பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடிக்கத் தொடங்கினார்கள். கார் இரண்டு அடி நகர்ந்து நின்றது.

"கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிக்க" என்றான் பிறகு.

"பரவால்ல" என்றாள்.

ஆனால் கேட்டாகிவிட்டது. ஒரு ஓட்டலில் சாப்பிட்டார்கள். அவளுக்குப் பிடிக்குமென்று அவன் பாயசம் வாங்கிக்கொடுத்தான். அவளும் குடித்தாள். ஊருக்கு வா என்று கூப்பிட வந்தவள் கூப்பிடவே இல்லை. சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வண்டிகளை விரட்டிக்கொண்டிருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினாள். ஏதோ சொல்ல அவன் கண்ணாடியை இறக்கினான். அதற்குள் பின்னால் வந்த வண்டி இடிக்கிற மாதிரி நெருங்கியது. அவன் கையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துபோனான்.

வேப்பம்பட்டு வீட்டைக் காலி செய்துவிடச் சொல்லிக் கொஞ்ச நாளில் அவனே போன் செய்தான். கன்னியம்மா மகள் வீட்டுக்குப் போனாள். சுகிர்தா ஆரம்பாக்கத்துக்கே திரும்பினாள். நீளமான ரயில் பயணம் அதோடு முடிந்தது. ஈஸ்வரியைச் சில சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பார்ப்பாள். இருவரும் எதிரெதிர் நடைமேடையில் நிற்பார்கள்.

சண்டை என்று எதுவும் இல்லை. கோர்ட்டுக்கும் யாரும் போகவில்லை. பண்டிகைக்குத் துணி அனுப்புகிறான். அவள் சம்பளத்தில் அவனுக்கு வருஷம் ஒரு சட்டை எடுத்து வைக்கிறாள்.

கல்லறைத் திருநாளுக்கு மட்டும் தவறாமல் வருகிறான். போன வருஷமும் வந்தான். பேர் வைக்காத குழந்தை, சிலுவையில் அப்பா அம்மா பேர்தான் எழுதியிருக்கிறது. அவன் சுற்றிலும் புல்லைப் பிடுங்கினான். அவள் சாமந்தியை வைத்தாள். காற்றுக்கு மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போக, இருவரும் குனிந்து நாலு கையாலும் மறைத்து ஏற்றினார்கள். பங்குச்சாமி மந்திரித்துவிட்டுப் போனதும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். யேசுதாஸ் அவன் தட்டில் தானே மீன்துண்டை எடுத்து வைத்து, "இருந்துட்டுப் போயேன்பா" என்றார்.

"காலைல சவாரி கீது, மாமா."

சுகிர்தா மெயின்ரோடு வரைக்கும் கூட நடந்தாள். சட்டையைக் கொடுத்தாள். பஸ் வந்தது. அவன் ஏறி, இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பஸ் மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஷிப்டுக்குச் சீருடை துவைக்க வேண்டும் என்று வீட்டுக்குத் திரும்பினாள்.