நீலப் பாட்டிலில் ஒரு பூச்சாடி

அரிசி மூட்டையில் நாலு வரமிளகாய் போட்டு வைத்தால் வண்டு வராது. உப்பு ஜாடியில் கொஞ்சம் அரிசி போட்டால் உப்பு கசியாது. பூண்டு உரித்த கையைக் காப்பித் தூளால் தேய்த்துக் கழுவினால் வாடை போய்விடும். இதெல்லாம் எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம். பன்னிரண்டாம் வாய்ப்பாடு மட்டும்தான் இன்றுவரை வரவில்லை.

எல்லாம் அம்மா கொடுத்த படிப்பு. ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வரும் இணைப்பில் வீட்டுக் குறிப்பு என்று எது கண்ணில் பட்டாலும் கத்தரித்து, ஒரு பழைய டைரியில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிடுவாள். எங்கள் வீடு பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரத்தில், தக்காளிக் காட்டுக்கு நடுவில் இருந்தது. அங்கே பேப்பர்காரன் வரமாட்டான். அப்பாதான் திங்கட்கிழமை தோறும் டீக்கடையில் கேட்டு வாங்கி, சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, வேண்டாத பொருளில் கைவினை செய்துவரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் போட்டி வைத்தார்கள். போன வருஷம் கொட்டாங்குச்சியில் ஆமை செய்து ஒருத்தி பரிசைத் தட்டிக்கொண்டு போயிருந்தாள். அந்த ஆமை வருஷம் முழுக்க டீச்சரின் மேசையிலேயே உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தது. இந்த முறை விடக்கூடாது என்று டைரியைப் புரட்டினேன். 'காலிப் பாட்டிலில் கண்கவர் பூச்சாடி' என்ற குறிப்பு கிடைத்தது. கலர் பேப்பர், கோந்து, ஜிகினா மூன்றும் வேண்டுமென்று அப்பாவிடம் கேட்டேன். அவர் "ம்" என்றார்.

அந்த நாட்களில் அவர் எதற்குமே "ம்" தான். தக்காளி விலை விழுந்து கிடந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டார். அது அழுகி ரோடு வரைக்கும் நாறியது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார், பாதியில் எழுந்து போய்விடுவார். பக்கத்துக் கொட்டாய் வீட்டில் ஒருத்தர் செத்துப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வயிற்று வலி என்று எங்களுக்குச் சொன்னார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்த அம்மா அந்த வாரம் டைரியில் எதையும் ஒட்டவில்லை. எனக்கு என் பூச்சாடிக் கவலை.

சனிக்கிழமை காலை அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். அம்மா பக்கத்துக் காட்டுக்குக் களை எடுக்கப் போனாள். நான் பாட்டில் தேடினேன். வரப்போரம் பூச்சிமருந்துப் பாட்டில்கள் எத்தனையோ கிடக்கும். ஆனால் அப்பா எல்லாவற்றையும் குத்தி நசுக்கித்தான் போட்டிருப்பார். முழுசாக இருந்தது ஒன்றே ஒன்று. மாட்டுக்கொட்டாயின் விட்டத்தில், தக்காளிக்கு அடிக்கிற மருந்து, நல்ல நீல நிறத்தில், தோள் அகன்று அழகாக நின்றது. ஒரே குறை, உள்ளே முக்கால்வாசி மருந்து இருந்தது. காலிப் பாட்டில் என்றுதானே குறிப்பில் போட்டிருக்கிறது, காலி செய்துவிட்டால் இதுவும் காலிப் பாட்டில்தானே என்று என் புத்திக்குத் தோன்றியது.

தொட்டி மேல் ஏறி எடுத்தேன். கொட்டாயிலேயே மூடியைத் திருகிப் போட்டுவிட்டு, பின்பக்கம் துணி துவைக்கும் தண்ணீர் ஓடுகிற கால்வாயில் முழுசாக ஊற்றினேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. வாடை மூக்கில் ஏறித் தலையைச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கால்வாய் ஓரத்து மண்ணிலிருந்து மண்புழுக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து துடித்தன, பிறகு அசையாமல் கிடந்தன. அப்போதுதான் பாட்டிலில் ஒட்டியிருந்த சிவப்பு முக்கோணத்தையும் மண்டை ஓட்டையும் பார்த்தேன். ஐயோ, நானும் இப்படித்தான் துடித்துச் சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

கையை முகர்ந்தேன். அதே வாடை. காப்பித் தூள் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சந்தோல் போட்டேன், புளி, பற்பசை, சாம்பல் என்று அம்மாவின் டைரியில் உள்ள அத்தனை வாடைக் குறிப்பையும் ஒரே கையில் செய்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. செத்தாலும் பரவாயில்லை, அம்மா கண்டுபிடிக்கக் கூடாது என்றிருந்தது. அப்படியும் ஆசை விடவில்லை பாருங்கள். பாட்டிலின் கழுத்தை வெட்டி, பழைய சேலையின் ஜரிகைக் கரையைச் சுற்றி, உல்லன் நூல் கட்டி, பிளாஸ்டிக் ரோஜாக்களைச் செருகினேன். பூச்சாடி அசத்தலாக வந்தது. அதைக் கட்டிலுக்கடியில் ஒரு தக்காளிப் பெட்டிக்குள் வைத்துச் சாக்கால் மூடினேன்.

உச்சி வெயிலில் அம்மா வந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொட்டாய்க்குள் போனவள் உடனே வெளியே வந்தாள். அவள் கையில் பாட்டிலின் மூடி இருந்தது. அதை எடுத்து ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"உங்கப்பா வூட்டுக்கு வந்தாராடி?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பும்.

"வந்தாரும்மா. கொட்டாய்க்குள்ள போனாரு. பாட்டல எடுத்துக்கிட்டுப் போய்ட்டாரு."

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடியே செருப்புகூடப் போடாமல், கத்திக்கொண்டே காட்டுக்குள் ஓடினாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் அதுவரை கேட்டதில்லை. பெரியப்பா வந்தார், அக்கம்பக்கம் எல்லாரும் வந்தார்கள். அப்பாவின் போன் அணைந்து கிடந்தது. நாலு பேர் சோளக்காட்டுக்குள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். பெரியப்பா கிணற்றில் இறங்கிப் பார்த்தார். ஒருத்தர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பாலக்கோட்டுப் பக்கம் பறந்தார்.

நான் வாசலில் நின்றேன். ஒரு மருந்துப் பாட்டிலுக்கு ஊரே திரண்டுவிட்டது. கிணற்றுக்குள்கூட இறங்கித் தேடுகிறார்கள். எடுத்தது அப்பா என்று நினைக்கும்போதே இந்தக் கூத்து என்றால், எடுத்தது நான் என்று தெரிந்தால் என்னை உயிரோடு விடுவார்களா? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அம்மா திரும்பி வந்து கிணற்றுமேட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. காலெல்லாம் முள் கிழித்து ரத்தம். அழக்கூட இல்லை. மூடியை மட்டும் விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். அந்தக் காலைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. அடி விழுந்தால் விழட்டும் என்று உள்ளே ஓடி, பூச்சாடியைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினேன்.

"அப்பா எடுக்கல. நாந்தான் எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு."

அம்மா பாட்டிலைப் பார்த்தாள். ரோஜாக்களைப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"மருந்து எங்கடி?"

"கால்வாயில ஊத்திட்டேன்."

"முழுசாவா?"

"ஒரு சொட்டு இல்லம்மா."

"அப்பா?"

"அப்பா வரவே இல்ல."

கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன். அடி வரவில்லை. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அம்மா ஓவென்று அழுதாள். நடுநடுவே சிரித்தாள். பெரியப்பா ஈர வேட்டியோடு வந்து என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு, அவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாட்டில்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

நாலு மணி வாக்கில் மொபெட் சத்தம் கேட்டது. அப்பா இறங்கினார். வாசல் நிறைய ஆட்களைப் பார்த்துத் திகைத்தார். கையில் ஒரு பை. கலர் பேப்பரும் கோந்தும் பாலக்கோட்டில் கிடைத்ததாம். ஜிகினா கிடைக்காமல் தர்மபுரி வரைக்கும் போய் வந்திருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. அவர் சொன்ன "ம்" நிஜமான "ம்" என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா எழுந்து போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். வாயருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு சட்டையை விட்டாள்.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

அப்பா அவள் காலைப் பார்த்தார். அவள் கையில் இருந்த மூடியைப் பார்த்தார். கிணற்றுச் சேறு படிந்த வேட்டியோடு நின்ற அண்ணனைப் பார்த்தார். அப்படியே வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஊரார் கலைந்து போன பிறகும் எழவில்லை.

பூச்சாடியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக விடவில்லை. மறுநாள் அப்பா காட்டோரம் குழி தோண்டி, ரோஜாவோடு சேர்த்து அதைப் புதைத்தார். அந்த வருஷமும் ஆமைக்காரிக்கே பரிசு. அவள் முட்டை ஓட்டில் வாத்து செய்து வந்திருந்தாள்.

திங்கட்கிழமை அப்பா பேப்பரோடு ஒரு பூட்டும் வாங்கி வந்தார். கொட்டாயில் கிடந்த பழைய தகரப் பெட்டிக்குள் மருந்துகளை எல்லாம் எடுத்து வைத்துப் பூட்டினார். பூட்டோடு வந்த சாவிகள் இரண்டையும் அம்மாவிடம் நீட்டினார்.

"ரெண்டையும் நீயே வச்சிக்கோ."

அம்மா அவற்றைத் தாலிக் கயிற்று ஊக்கில் கோத்துக்கொண்டாள். மருந்தடிக்கிற நாளில் அவளே வந்து திறப்பாள், அளந்து கொடுப்பாள், பூட்டிவிட்டுப் போவாள். விலை ஏறின வருஷங்களிலும் அப்படித்தான். அந்தச் சாவிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும். ஒரு பாட்டிலை எடுத்ததற்கு ஆயுசுக்கும் என்மேல் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டதே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு இருந்தேன்.

பக்கத்துக் கொட்டாய்க்காரர் எந்த வயிற்று வலியில் செத்தார் என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது. அது தெரிந்த பிறகுதான் அந்தப் பூட்டை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அப்பாவிடம் இன்றுவரை எதையும் கேட்கவில்லை. எனக்குப் பயந்து போட்ட பூட்டாக இருந்தால், அவர் ஒரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருப்பார்.