அவருடைய கையெழுத்து தேவையில்லை

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம் எனக்கு மூன்றாவது சிசேரியன். இரண்டாவது மகள் பிறந்தபோது இரத்தம் நிற்காமல் சாகப் பிழைக்கக் கிடந்தவள் நான். இனி ஒரு பிள்ளை வேண்டாம், வயிற்றைத் திறக்கும்போதே குழாயையும் கட்டிவிடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி, வந்து கையெழுத்துப் போடும்படி கேட்டேன். ஊரில் புருஷன் கையெழுத்துப் போடாமல் கட்டமாட்டார்கள். இங்கே கனடாவிலும் அப்படித்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். அவர் டிவியில் ஓடிய போர்ச் செய்தியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அவருடைய ஒரே தம்பி, மனைவி பிள்ளைகளோடு வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான்.

"அங்க சனம் அழியுது. நீர் இஞ்ச பிள்ளை வேண்டாமெண்டு நிக்கிறீர்."

"நான் செத்தா இந்தப் பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். கிழமைக்கணக்கில் இதே கேள்வி, இதே டிவிச் சத்தம். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. கடைசியில் டாக்டரிடம் போய், அவர் கையெழுத்துப் போடமாட்டாராம் என்றேன். "அவருடையது எதற்கு? உங்களுடையது போதும்" என்றார் அந்தப் பெண் டாக்டர். முதலே தெரிந்திருந்தால் வீட்டில் வாயே திறந்திருக்க மாட்டேன்.

தம்பி குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று செய்தி வந்த அதே கிழமை எனக்கு ஒப்பரேஷன். இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கப் பண்ணியிருந்ததால் நான் விழித்திருந்தேன்; உள்ளே வர விட்டிருந்த கணவர் என் தலைமாட்டில் கையைப் பிடித்தபடி இருந்தார். பிள்ளையை எடுத்ததும், கட்டுவதில் மாற்றமில்லையே என்று டாக்டர் இன்னொரு தடவை கேட்டார்.

"வேண்டாமெண்டு சொல்லும்" என்றார் அவர், என் காதுக்குள்.

கட்டச் சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் சாவுத் துடக்கும் பிள்ளைப்பேற்றுத் துடக்குமாய் இரண்டு தீட்டும் ஒன்றாய் வந்தன. வந்தவர்கள் முதலில் அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, பிறகு தொட்டிலை எட்டிப் பார்த்தார்கள்.

"மூண்டும் பெட்டையள். அடுத்தது பொடியன்தான். உன்ர தம்பிதான் வந்து பிறப்பான்" என்றார் பக்கத்து வீட்டு அன்ரி, என் கணவரிடம்.

அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "இனிக் கூடாதெண்டு டாக்டர்மார் கட்டிப்போட்டினம், அன்ரி."

ஊர் வாயிலிருந்து என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டாக்டர்மார் இல்லை, அன்ரி. நான்தான் கட்டச் சொன்னனான். எனக்கு உயிரோட இருக்கவேணும்."

அன்ரி தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அன்றைக்குப் பிறகு தம்பியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அழவேண்டியிருந்தால் கீழே போய், காருக்குள் இருந்து அழுதுவிட்டு வருவார்.