அசரீரியின் விரதம்

நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பத்து மாதங்களாக, வாயைத் திறக்காமலே!

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். இந்தப் பக்கத்து மக்கள் என்னை 'மௌன சாமி' என்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் என்னைக் கண்டால் ஹாரன் அடிப்பதில்லை. ஒருநாள் ஓர் அம்மாள் நடுச்சாலையில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... எனக்கு விரதமும் கிடையாது, ஞானமும் கிடையாது. பயம்! என் குரலை ஒருத்தி அடையாளம் கண்டுகொள்வாள் என்ற பயம்.

சென்னையில் ஒரு தனியார் தொலைக்காட்சியில் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தவன் நான். ஒளிநாடாக்களைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி இறங்கும் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதலில் சமையல் நிகழ்ச்சி, பிறகு பாட்டுப் போட்டி, கடைசியில் குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அந்த நிகழ்ச்சி. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தட்டில் சோறு ஆறிப்போவது தெரியாமல் பார்த்திருப்பீர்கள்! உங்களைக் குறை சொல்லவில்லை. பரிமாறியவன் நான்தான்.

படப்பிடிப்பின்போது நான் அரங்கத்துக்குள் வர மாட்டேன். மேலே கட்டுப்பாட்டு அறையில், திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். மேசையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பேசினால் என் குரல் அரங்கத்து ஒலிபெருக்கியில் கேட்கும். நிகழ்ச்சிக்கு வருகிறவர்களுக்கு என் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும். ஊழியர்கள் எனக்கு 'அசரீரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமை வேறு...

அம்சவேணி அங்கே வந்தது ஏழு வருடங்களுக்கு முன்பு. கணவனோடு தீராத சண்டை. எதைக் கேட்டாலும் "ஆமாங்க", "இல்லீங்க" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. இப்படியே போனால் அன்றைய படப்பிடிப்பு வீண்! இடைவேளை விடச் சொன்னேன். விளக்குகளைக் குறைக்கச் சொன்னேன். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

"பயப்படாதீங்கம்மா. கேமரா எல்லாம் ஆஃப் பண்ணியாச்சு. மனசுல இருக்கறதச் சொல்லுங்க, நமக்குள்ளதான்."

ஒரு கேமராவும் அணையவில்லை!

அவள் சொன்னாள். தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். தங்கையின் புகுந்த வீட்டுக்குத் தெரியாத, அக்காவுக்கும் தங்கைக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை ஊருக்கே போட்டுக் காட்டியது போதும்.

அந்தச் சில நொடிகளை முன்னோட்டமாக நாள் முழுக்க ஓட்டினேன். அந்த வாரம் நாங்கள்தான் முதலிடம். கேக் வெட்டினோம். எனக்கு நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர் பதவி வந்தது. ஒரு மாதம் கழித்து, தங்கையை அவள் கணவன் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும், அம்சவேணி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து அழுததாகவும் என் உதவியாளர் வந்து சொன்னார். "கையெழுத்துப் போட்டுட்டுத்தானே வந்தாங்க?" என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தேன். அந்தக் காப்பியில் சர்க்கரை ஜாஸ்தி என்பது வரைக்கும் நினைவிருக்கிறது... அவள் அழுதது மட்டும் அன்று மாலையே மறந்துவிட்டது.

பிறகு தொலைக்காட்சி கை மாறியது. புதியவர்களுக்கு நான் பழைய சாமான். வீட்டில் சும்மா உட்கார்ந்து எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். கடைசியில் மனைவியே பையைக் கட்டிக் கொடுத்து, திருவண்ணாமலையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரச் சொன்னாள்.

வந்த மறுநாள் காலை, அறைக்கு எதிரே இருந்த தள்ளுவண்டிக் கடைக்கு இட்லி சாப்பிடப் போனேன். தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அம்சவேணி! அவள் இந்த ஊரை ஒட்டிய அடி அண்ணாமலைப் பெண் என்பதை எப்போதோ மறந்திருந்தேன். முகத்தை மறக்க முடியுமா? எத்தனை முறை வெட்டி ஒட்டிய முகம்!

பக்கத்தில் நின்ற பூக்காரப் பெண்மணியின் கைபேசியில் ஏதோ குடும்பச் சண்டை நிகழ்ச்சி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும்படி அம்சவேணி கேட்டாள். நீயும் அதில் வந்தவள்தானே, இப்போது என்ன வெறுப்பு என்று அந்தப் பெண்மணி சீண்டினாள்.

"கேமரா ஆஃப்னு சொன்னான்க்கா ஒருத்தன். மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. ஆனா அந்தக் கொரல நூறு பேர் நடுவுல கேட்டாலும் கண்டுபுடிச்சிடுவேன். என் தங்கச்சி எங்கிட்ட பேசி ஆறு வருஷம் ஆச்சு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, எத்தனை இட்லி என்று கேட்டாள். இரண்டு விரலைக் காட்டினேன்.

"சாமி மௌனமா?"

தலையாட்டினேன். அவ்வளவுதான்! அந்த விரதத்தை எனக்குக் கொடுத்தவளே அவள்தான். இந்த ஊரில் பேசாத ஆளை யாரும் சந்தேகப்படுவதில்லை. மனைவிக்குக்கூட எழுத்தில்தான் செய்தி அனுப்புகிறேன். அவள் பூரித்துப்போய் உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஏன் ஓடிவிடவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஓடிவிட்டால், அம்சவேணி யாரிடம் என்ன சொல்கிறாள் என்பது தெரியாமல் போய்விடுமே... அதனால் தினமும் போய் அவள் எதிரிலேயே சாப்பிடுகிறேன். குரலைக் கண்டுகொண்டால் அவள் கத்துவாள், கூட்டம் கூடும், கைபேசிகள் எல்லாம் என்னை நோக்கி உயரும். அந்தப் படத்தில் எந்த இடத்தில் இசை சேர்ப்பார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும்!

இதுவரை சொன்னது பழைய குற்றம். இனிச் சொல்லப்போவது இரண்டு மாதத்துக்கு முன்பு செய்தது.

பௌர்ணமிக் காலை. கிரிவலத்துக்கு வந்தவர்களின் வண்டிகளால் சாலை நிரம்பியிருந்தது. அம்சவேணி தன் கடைக்குப் பின்னால் குனிந்து, டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். ஒரு வேன் அவளை நோக்கிப் பின்பக்கமாக நகர்ந்து வந்தது. ஓட்டுநருக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கு வேன் தெரியவில்லை. பத்தடி தள்ளி நின்ற எனக்கு மட்டும் இரண்டும் தெரிந்தது.

வாயைத் திறந்தேன். "அம்மா, நகருங்க!" என்று ஒரு கத்தல்... அது போதும். தொண்டை வரைக்கும் வந்தது. நீங்கள் நம்ப வேண்டும், தொண்டை வரைக்கும் வந்தது!

குரல் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன்.

அதை நினைத்து முடிப்பதற்குள் வேன் அவளை இடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் என் கைகள் தாமாகவே தட்டின. வேன் நின்றது. அம்சவேணி விழுந்து கிடந்தாள். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். வழியெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.

சாமி கைதட்டியதால்தான் வேன் தன்மேல் ஏறாமல் நின்றது என்று அவள் எல்லோரிடமும் சொல்கிறாள். விரதத்தையும் கலைக்காமல் ஓர் உயிரையும் காப்பாற்றினாராம்! என்னைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பழங்களை என்னால் தின்ன முடியவில்லை. குரங்குகளுக்குப் போடுகிறேன்.

நேற்றுக் காலை அவள் மறுபடியும் கடை போட்டாள். கட்டுப் பிரித்த கை இன்னும் மடங்கவில்லை. இடது கையால் இட்லி எடுத்து வைத்து, தப்பாக நினைக்க வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டாள். என்னிடம் மன்னிப்பு! பிறகு சாலையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"நீங்க வாயத் தொறக்கற அன்னிக்கு, மொத வார்த்தை எங்கிட்டதான் பேசணும் சாமி. இத்தினி நாள் பேசாம இருந்தவரு சொன்னா பலிக்கும். 'உன் தங்கச்சி பேசிடுவா'ன்னு சொல்லுங்க, அது போதும்."

நான் தலையாட்டிவிட்டேன்.

ஏன் தலையாட்டினேன்? வேறு என்ன செய்திருக்க முடியும்? இன்று காலை கடைப் பக்கம் போகவில்லை. மேலே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு தட்டில் இட்லி வைத்து, மூடி போட்டு, என் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் தாழிட்டேன். குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு அடியில், மெதுவாக, ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"பயப்படாதீங்கம்மா. உங்க தங்கச்சி பேசிடுவாங்க."

பத்து மாதம் பூட்டி வைத்த குரல் கரகரத்துப் போயிருக்கும், யாருடையது என்று தெரியாமல் மாறியிருக்கும் என்றுதான் நம்பியிருந்தேன்... கொஞ்சம்கூட மாறவில்லை. அதே கனிவு. அதே குரல்!

குழாயை மூடிய பிறகுதான், குளியலறை ஜன்னல் மாடிப்படியின் பக்கம் திறந்திருப்பதைக் கவனித்தேன். படியில் யாரோ ஏறி வந்து, பாதியில் நின்றிருக்க வேண்டும். தட்டின் மேல் மூடி லேசாக ஆடும் ஓசை மட்டும் கேட்கிறது.